கையில் ஒரு முத்திரை: அருங்காட்சியகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகரங்களில் அருங்காட்சியகம் நடத்துகிற இயக்குநர்களுக்கும், வாசலில் யாரை எப்போது விடலாம் என்று விதி எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

எனக்கும் கலைக்கும் படிப்பு ரீதியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. வரலாறும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஊருக்குள்ளேயே சுற்றக் கிளம்பிவிடுவோம். நான், என் அத்தை, ஒரு நண்பர், அவருடைய எட்டு வயது மகள். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மியூசியம், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஹோட்டல், அவ்வளவுதான். எந்த மியூசியம் என்று நண்பர் சொல்வார். எந்த ஹோட்டல் என்று அவர் மகள் சொல்வாள். இரண்டையும் ரத்து செய்கிற அதிகாரம் அத்தைக்கு உண்டு. இதுவரை ஹோட்டல் விஷயத்தில்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இந்த மடலில் ஒரே ஒரு கோரிக்கைதான். காலையில் வாங்கிய டிக்கெட்டோடு வெளியே போய், சாப்பிட்டுவிட்டு, அதே நாளில் மறுபடி உள்ளே வர எங்களை விடுங்கள்.

இதற்கு ஒரு திறந்த மடலா என்று கேட்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தோம். அத்தைக்கு அங்கே ஒரே ஒரு அறைதான் முக்கியம்: பழைய நாணயங்கள். சின்ன வயதில் ஒரு தகர டப்பாவில் நாணயம் சேர்த்தவர். அந்த டப்பா எங்கே போனது என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு. நாணய அறை மேல் மாடியில், கடைக்கோடியில் இருந்தது. வழியில் இருப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஆரம்பித்தோம். பன்னிரண்டரைக்குக் குழந்தைக்குப் பசித்துவிட்டது. உள்ளே இருந்த உணவுக்கூடத்தில் வரிசை வாசல் வரை நின்றது. வரிசையின் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த நண்பர், "இருக்கிறதெல்லாம் பாக்கெட்தான்" என்றார். சரி, எதிர்த்தெருவில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வாசலுக்கு வந்தோம். அங்கே நின்ற காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "வெளிய போனா மறுபடி டிக்கெட் எடுக்கணும்மா."

நாலு பேருக்கும் இன்னொரு முறையா? திரும்பி உள்ளே போனோம். குழந்தை அழவில்லை, ஆனால் நடக்கவும் இல்லை. அத்தைக்கு முழங்கால். நண்பருக்குத் தலைவலி. முக்கால் மணி நேரம் ஒரு பெஞ்சைச் சுற்றியே கழிந்தது. பெஞ்ச் ஒன்றுதான் இருந்தது, அதிலும் ஏற்கெனவே இரண்டு பேர். கடைசியில் நாணய அறையைப் பார்க்காமலேயே வெளியே வந்தோம். "பரவாயில்ல விடு, நாணயம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார் அத்தை. அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதிய விதி இல்லையே அது.

பசி என்பது உங்கள் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டிய குடை மாதிரி ஒரு பொருள் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்புக்கு வயது அதிகம். பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்தபோது கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளே போக முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பெயர், முகவரி, யார் எவர் என்று விவரம் சொல்லி, அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். சீட்டுக் கிடைத்தாலும் குழுவாகத்தான் உள்ளே போக முடியும், குழுவின் வேகத்தில்தான் நடக்க முடியும். பர்மிங்காமில் புத்தகக் கடை வைத்திருந்த வில்லியம் ஹட்டன் 1784இல் அங்கே போனார். இன்னொருவரிடமிருந்து காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆசையாகப் போனவரைச் சுமார் அரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்டதற்கும் எரிச்சலான பதில்தான் கிடைத்தது. அதை அவர் ஆறாத மனத்தாங்கலோடு எழுதி வைத்திருக்கிறார். இருநூறு வருடத்துக்கு மேல் கழித்துப் படிக்கும்போதும் அந்த மனிதரோடு உட்கார்ந்து பேச வேண்டும் போலிருக்கிறது.

ஹட்டனைவிட எனக்குப் பிடித்தவர்கள் வேறு சிலர் உண்டு. பெயர் தெரியாதவர்கள். லண்டன் நேஷனல் கேலரி பற்றி விசாரிக்க 1850இல் நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்தது. நிலக்கரிப் புகையும் கூட்டமும் ஓவியங்களைக் கெடுக்கின்றன என்பது அப்போதைய கவலை. அங்கே படங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த தாமஸ் உவின்ஸ் சாட்சி சொன்னார். ஒரு நாள் கிராமத்து ஆட்கள் போலத் தெரிந்த சிலர் கூடை நிறையச் சாப்பாடு கொண்டுவந்து, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, ஓவியங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். இது அதற்கான இடம் இல்லை என்று இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி இவருக்கே ஒரு கிளாஸ் ஜின் ஊற்றி நீட்டி, கொண்டுவந்ததில் நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசரித்திருக்கிறார். இன்னொரு நாள் ஒரு தம்பதி அங்கே தங்கள் குழந்தைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்ததையும் சொன்னார். உவின்ஸ் இதையெல்லாம் புகாராகத்தான் சொன்னார். எனக்கென்னவோ ஒரு அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல நற்சான்றிதழ் இது என்று தோன்றுகிறது. நம்முடைய இடம் என்று நினைத்தால்தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்?

தப்பாக நினைக்காதீர்கள். ஓவியத்துக்கு முன்னால் இலை போட அனுமதி கேட்கவில்லை. துணுக்கு விழுந்தால் பூச்சி வரும், பூச்சி துணியையும் மரத்தையும் தாளையும் தின்னும், ஈரம் படிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காரணங்கள் எல்லாம் நியாயம். உள்ளே சாப்பிடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உள்ளேயும் சாப்பிடக் கூடாது, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரக் கூடாது என்றால், வயிறு இருக்கிறவர்கள் என்னதான் செய்வது?

மியூசியத்தில் வருகிற அயர்ச்சி சும்மா ஒரு புலம்பல் இல்லை. உங்கள் துறையிலேயே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் 'அருங்காட்சியகக் களைப்பு' என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல கண்பார்வையும் படிப்பும் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த பொருள்களைப் பற்றி எளிய கேள்விகள் கொடுத்து, பதில் தேட அவர் என்ன பாடுபடுகிறார் என்பதைப் படமெடுத்தார். படத்தில் அந்த மனிதர் குனிகிறார், குந்துகிறார், கழுத்தை வளைக்கிறார், பெட்டிக்குள்ளேயே போய்விடுவார் போலத் தலையை நீட்டுகிறார். வைத்த உயரமும் எழுதிய சீட்டும் சரியில்லாததால் பார்ப்பதே ஒரு உடற்பயிற்சி ஆகிவிடுகிறது என்பது கில்மனின் வாதம். நூறு வருடம் தாண்டிவிட்டது. என் அத்தை இன்றைக்கும் அதே கோணத்தில்தான் நிற்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வருகிறவர்கள் ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. ஆனால் பெரும்பாலான பார்வைகள் அதைவிடக் குறைவு, பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள்ளேயே முடிந்துவிட்டன. இதைக் காட்டி 'மக்களுக்கு ரசனை போய்விட்டது' என்று அடிக்கடி அலுத்துக்கொள்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். திரும்பி வர வழியில்லை, கொடுத்த காசுக்கு முழுக் கட்டடத்தையும் இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று நினைக்கிற ஒருவர், ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? பந்தியில் இலையைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவன் சாப்பிடுகிற மாதிரிதான் நாங்களும் பார்க்கிறோம். வேகமாக, எதையும் விடாமல், எதன் ருசியும் நாக்கில் நிற்காமல்.

கட்டணமே இல்லாத இடங்களில் இந்தச் சிக்கல் வருவதில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த தேசிய அருங்காட்சியகங்கள் 2001 டிசம்பரில் அதை எடுத்துவிட்டன. அடுத்த பத்து வருடத்தில் அவற்றுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. அப்படிப்பட்ட இடத்துக்கு மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வந்து, ஒரே ஒரு சிலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் கணக்குக் கேட்பதில்லை. எல்லோரும் இலவசமாக்குங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. கூரை ஒழுகினால் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கட்டணம் இருக்கட்டும். அது ஒரு நாளைக்கான கட்டணமாக இருக்கட்டும், ஒரு மூச்சுக்கானதாக வேண்டாம்.

உங்கள் பக்கத்து ஆட்சேபங்களையும் யோசித்துப் பார்த்தேன். ஒரே டிக்கெட்டைக் கைமாற்றி நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்பது முதல் பயம். அதற்குத்தான் புறங்கையில் ஒரு மை முத்திரை, அல்லது மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை. பொருட்காட்சிகளிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் பல காலமாகச் செய்கிறார்கள். டிக்கெட்டில் கட்டக் குறியீடு (QR) அச்சடிக்கிற இடமென்றால் இன்னும் சுலபம்: வெளியே போகும்போது ஒரு முறை ஸ்கேன், வரும்போது ஒரு முறை. கூட்டம் அளவு மீறிவிடும் என்பது இரண்டாவது பயம். வெளியே போகிறவர் தன் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தானே போகிறார்? உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுகிற வாசலுக்குப் போனவர் ஒன்று, வந்தவர் ஒன்று, கணக்குச் சரி. நேரம் குறித்த டிக்கெட் என்றால், மறுநுழைவைக் கூட்டம் குறைந்த மணி நேரங்களுக்கு மட்டும் என்று வையுங்கள். மூன்று மணிக்கு மேல் வா என்றால் வருகிறோம். பை சோதனை மறுபடி செய்ய வேண்டும் என்றால் செய்யுங்கள், நிற்கிறோம்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: உள்ளே இருக்கிற உணவுக்கூடத்தின் வருமானம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, அந்தப் பணம் உங்களுக்குத் தேவைதான். ஆனால் வருகிறவரை அடைத்து வைத்து விற்கிற கடை நல்ல கடையாக மாறுவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. இதற்கு மாறான உதாரணம் உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. லண்டனில் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று அழைக்கப்படும் அருங்காட்சியகம் 1857இல் சவுத் கென்சிங்டனில் திறந்தபோது, அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோல் எரிவாயு விளக்குகளைப் போட்டு மாலையிலும் திறந்து வைத்தார். பகல் முழுக்க வேலை செய்கிறவன் பகலில் எப்படி வருவான் என்பது அவருடைய கேள்வி. சாராயக் கடைக்குப் போகிற குடும்பம் இங்கே வரட்டும் என்று நினைத்தார். வருகிறவனுக்குப் பசிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உலகிலேயே முதல் அருங்காட்சியக உணவகம் அங்கேதான் வந்தது. அதன் அறைகளில் ஒன்றை 1860களில் பேர்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனம் அலங்கரித்தது. அதாவது சாப்பிடுகிற அறையையே காட்சிப் பொருள் ஆக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் அங்கே வகுப்புப் பிரித்து உணவுப் பட்டியல் போட்டிருந்தார்கள் என்பது கொஞ்சம் இடிக்கிறதுதான். அது அந்தக் காலம். ஆனால் அந்த அறைக்கு ஜனங்கள் ஆசைப்பட்டுப் போனார்கள், இன்றைக்கும் போகிறார்கள். வேறு வழி இல்லாததால் அல்ல.

மாலை நேரம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோரிக்கை இல்லை, ஒரு பெருமூச்சு. பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுகிற இடம், வேலைக்குப் போகிறவர்கள் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்றே திட்டம் போட்டது போல இருக்கிறது. கோல் ஆரம்பித்து வைத்த இடம் வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. பெர்லினில் 1997இல் 'அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நள்ளிரவு தாண்டியும் ஒரே டிக்கெட்டில் ஒரு மியூசியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். பிறகு ஐரோப்பாவில் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஒரே டிக்கெட்டில் பல கட்டடங்களுக்குள் ஜனங்கள் போய்வர முடிகிறது என்றால், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு முறை நுழைவதில் என்ன பெரிய தொழில்நுட்பச் சிக்கல் இருக்க முடியும்?

'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1760களில் பாரிஸில் அந்தச் சொல் கடையைக் குறிக்கவில்லை. தெம்பு தருகிற ஒரு சாறுக்குத்தான் அந்தப் பெயர். உடம்பு தளர்ந்தவர்கள் உட்கார்ந்து அதைக் குடிக்கிற இடத்துக்குப் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதே பாரிஸில் முப்பது வருடத்துக்குள், 1793 ஆகஸ்டில், அரசருடைய சேகரிப்பு லூவர் அரண்மனையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போதும் புரட்சிக் காலத்துப் பத்து நாள் வாரத்தில் மூன்று நாள்தான் பொதுமக்களுக்கு. ஒன்று ஆளைக் களைப்பாக்குகிற இடம், மற்றது தெம்பூட்டுகிற இடம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் ஒரே ஊரில் ஜனங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நடுவில் இருக்கிற தெருவைக் கடக்கத்தான் இப்போது நாங்கள் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் சனிக்கிழமையில் உண்மையில் எது நடக்கிறது தெரியுமா? பார்த்ததைப் பற்றிய பேச்சு மியூசியத்துக்குள் நடப்பதே இல்லை. உள்ளே எல்லோரும் கிசுகிசுப்போம், அல்லது சும்மா நடப்போம். ஹோட்டலில் உட்கார்ந்து, முதல் வாய் உள்ளே போன பிறகுதான் நண்பரின் மகள் ஆரம்பிப்பாள்: "அந்தக் குதிரைக்கு ஏன் ஒரு கால் இல்ல?" பார்த்தோமா, உடைந்திருந்ததா, செய்தவர் அப்படியே விட்டுவிட்டாரா என்று சண்டை வரும். ஒருவர் இருந்தது என்பார், ஒருவர் இல்லை என்பார். அப்போது எழுந்து போய் இன்னொரு முறை பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்! கேள்வியோடு திரும்பி வருகிற ஒரு எட்டு வயதுக் குழந்தை அந்தக் குதிரைக்கு முன்னால் 17 விநாடியா நிற்கும்? கையேடு, ஒலி வழிகாட்டி, திரை என்று நீங்கள் செலவழித்துச் செய்ய நினைக்கிற வேலையை ஒரு சாப்பாட்டு மேசை செய்துவிடுகிறது. நீங்கள் திரும்பிவர மட்டும் விட்டால் போதும்.

இன்னும் கொஞ்சம் மனம் வைத்தால், கவுன்ட்டரில் கொடுக்கிற தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, பத்து நிமிட நடையில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளை அதில் குறித்துக் கொடுங்கள். பெரிய பெயர்கள் வேண்டாம். உங்கள் ஊழியர்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்களோ அதைப் போடுங்கள். அவர்களுக்குத் தெரியாததா. அந்தக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் உங்கள் கைக்கும் வந்தால்: எதிரில் இருக்கிற கட்டடத்தில் இந்த மாதம் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒரு சின்ன அறிவிப்பைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சாப்பிட வந்தவரில் பத்தில் ஒருவர் தெருவைக் கடந்தால்கூட நல்லதுதான்.

உடனே எல்லா நாளும் செய்ய வேண்டும் என்பதில்லை. மூன்று மாதம், சனிக்கிழமை மட்டும், பரீட்சார்த்தமாகச் செய்து பாருங்கள். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எந்த அறைக்குப் போனார்கள், உணவுக்கூடத்தில் விற்பனை எவ்வளவு குறைந்தது என்று எண்ணுங்கள். குறைந்திருந்தால் நிறுத்திவிடுங்கள், நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

நாங்கள் அடுத்த மாதமும் வருகிறோம். இந்த முறை நேராக மேல் மாடிக்குத்தான். அத்தை பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் உங்கள் வாசலில் நிற்கும் நாலு பேரில் ஒருவர்